பின் அச்சை மட்டும் மாற்றிய ஜீப்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். சரியாகச் செய்த வேலைகளைத்தான் முதலில் நினைத்துப் பார்த்தேன். அவற்றில் சொல்ல ஒன்றும் இல்லை. வாகனம் திருத்தப்பட்டது, ஓடியது, அவ்வளவுதான். ஆகவே நான் பிழையாகச் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். அந்தப் பிழை நடந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. கையில் நல்ல வேலை இருந்தது, தலையில் அதைவிடக் கூடுதலாகக் கர்வம் இருந்தது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஓரிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. இராணுவம் விட்டுப்போன ஜீப்புகள் ஏலத்தில் போய்க்கொண்டிருந்த காலம். நான் ஊர்காவற்றுறையில், இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு கராஜில் வேலை செய்தேன். என் முதலாளிக்கு என்னைவிட ஆறேழு வயதுதான் கூட. பேச்சு மிகக் குறைவு. ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் அன்றைக்கு அவருக்குக் காய்ச்சலோ என்று நாங்கள் பார்ப்போம்.

அந்த வருடம் மாரி பொய்த்துவிட்டது. கடலுக்கு அப்பால் நெடுந்தீவில் கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்ப்பேறிப்போயின. தீவின் நடுவில் இரண்டு மூன்று கிணறுகளில் மட்டும் நல்ல தண்ணீர் இருந்தது. மேற்குக் கரையோரத்துக் குறிச்சிக்கு அங்கிருந்து இரண்டு மைல். அந்தக் குறிச்சியில் மாடு வளர்த்தவர்தான் ஞானம்மா அக்கா. நாற்பது வயதிருக்கும். கணவர் கடலோடு போனபிறகு பட்டியைத் தானே பார்த்தவர். அவருடைய தம்பி சூசை, யுத்த காலத்தில் இராணுவ லொறி ஓட்டியவன், எனக்கு ஒத்த வயதென்றாலும் என்னை அண்ணை என்பான். அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு பழைய ஜீப்பை ஏலத்தில் எடுத்து, பின்னால் ஒரு இழுவைப் பெட்டி கொளுவி, அதில் ஆறு பீப்பாய் ஏற்றிக் குறிச்சிக்குத் தண்ணீர் காவினார்கள். மனிதருக்கும் அதுதான், மாட்டுக்கும் அதுதான்.

ஜீப் களைத்த ஜீப். வழியில் ஓரிடத்தில் இருநூறு கஜம், எங்கள் பேச்சில் இருநூறு யார், நீளத்துக்கு உதிரி மணல். முன்சில்லு, பின்சில்லு என்று நாலு சக்கரமும் இழுத்தும், பாரத்தோடு அந்த மணலில் எஞ்சின் திணறியது. கிளச் எரிந்து மணந்தது. சூசை அதை இரண்டு வள்ளங்களைப் பக்கம் பக்கமாகக் கட்டி, மேலே பலகை போட்டு, அதில் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்தான். கடல் நடுவில் வள்ளக்காரர், ஜீப்பின் ஹோர்னை அடித்துப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாராம். அடித்தார்களாம். சுற்றிவர இருந்த கடற்காகங்கள் எல்லாம் எழும்பினவாம். சூசை இறங்கியதும் முதலில் சொன்ன கதை அதுதான்.

முதலாளி ஜீப்பைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"டிபரென்சல் பல்லை மாத்த வேணும்," என்றார். "முன்னுக்கும் பின்னுக்கும்."

உங்களுக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சினிலிருந்து வரும் தண்டின் நுனியில் எட்டுப் பல் உள்ள சின்னப் பற்சக்கரம், பினியன். அது அச்சின் நடுவிலிருக்கும் முப்பத்தொன்பது பல் பெரிய சக்கரத்தை, கிறவுணைச் சுழற்றும். கிறவுணில் பல்லைக் கூட்டினால் வேகம் குறையும், இழுவை கூடும். யுத்தத்துக்குப் பிறகு தோட்ட வேலைக்கென்று வந்த ஜீப்புகளில் நாற்பத்துமூன்று பல். அந்தப் பினியன், கிறவுண் சோடி இந்த அச்சுக்குள்ளும் பொருந்தும். முன் அச்சுக்கு ஒரு சோடி, பின் அச்சுக்கு ஒரு சோடி தேடி முதலாளி கொழும்புக்குப் போனார்.

ஒரு கிழமையில் ஒரு சோடி இருந்த பெட்டி மட்டும் வந்தது. கூடவே ஒரு துண்டுக் கடிதம். "மற்றச் சோடி தேடுகிறேன். இரண்டும் வந்தபிறகு கை வையும்."

அந்த வசனத்தின் காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். முன் அச்சிலும் பின் அச்சிலும் பல் கணக்கு வேறுபட்டால், நாலு சில்லையும் சேர்த்து ஓட்டும்போது பின்சில்லு பத்துச் சுற்றுச் சுற்ற முன்சில்லு பதினொன்று சுற்றப் பார்க்கும். மணலிலே சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். இறுகிய தரையிலே சறுக்க இடமில்லை. இரண்டு அச்சும் ஒன்றையொன்று முறுக்கும். தெரியாமல் செய்த பிழை என்று நான் ஒருநாளும் சொல்லமுடியாது.

பெட்டி வந்த நாலாம் நாள் ஞானம்மா அக்கா வள்ளத்தில் வந்து இறங்கினார். கராஜ் வாசலிலே நின்றார். உள்ளே வரவில்லை.

"தம்பி, வண்டி எப்ப முடியும்?"

"சாமான் வரவேணும் அக்கா."

"மாட்டு வண்டிலிலை இப்ப தண்ணி காவுறம். காவுற மாட்டுக்கே அரைவாசித் தண்ணி போகுது. நேத்தைக்கு ரெண்டு மாட்டுக்கண்டு விழுந்திட்டுது." கடல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "உம்மை அவசரப்படுத்த வரேல்லை. எப்ப எண்டு தெரிஞ்சால் அங்கை சனத்துக்குச் சொல்லலாம்."

அவர் கோபித்திருந்தால் நான் பொறுமையாக இருந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் கோபிக்கவில்லை. என் மனம் ஒரு கணக்குப் போட்டது. முன் சில்லு தேவைப்படுவது அந்த இருநூறு யார் மணலுக்குத்தான். மற்ற இடமெல்லாம் பின்சில்லு மட்டும் போதும். பின் அச்சுக்கு இந்தச் சோடியைப் போட்டு, மணலில் மட்டும் லீவரைத் தள்ளி முன்சில்லைச் சேர்க்கச் சொன்னால் சமாளிக்கலாம்.

முற்றிலும் மடத்தனமான கணக்கு அல்ல அது. காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஓடியும் இருக்கலாம்.

"நாளையிண்டைக்கு முடியும் அக்கா," என்றேன்.

இரண்டு நாளில் முடித்தேன். கடற்கரை மணலில் பின்சில்லால் மட்டும் ஓட்டிக் காட்டினேன். புதுப் பல்லுக்கு வண்டி முன்னைவிட அழகாக இழுத்தது. சூசை சந்தோஷத்தில் சீட்டிலே தட்டினான்.

"எல்லாம் முடிஞ்சுதோ அண்ணை?"

"ஓம்."

அந்த 'ஓம்' என் வாயிலிருந்து வெகு சுலபமாக வந்தது. பாதி வேலை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. முதலாளி இல்லாத நேரத்தில் தனியாகச் செய்த முதல் பெரிய வேலை அது. பிறகு சூசைக்கு ஒரு கட்டளை கொடுத்தேன்.

"மணலிலை மட்டும் முன்சில்லைச் சேரும். கல்லுத் தரை வரமுன்னம் நிண்டு லீவரை எடுத்துப் போடும்."

"ஏன் அண்ணை?"

"ரயர் தேஞ்சு போகும்."

புதுப் பல் ஒரு நாள் ஓடியபிறகு திறந்து பார்க்கவேண்டும் என்று நானும் வள்ளத்தில் கூடப் போனேன். வேலையிலுள்ள அக்கறை பாதி, பயம் மீதி.

மறுநாள் காலை கிணற்றடியில் ஆறு பீப்பாயும் நிரப்பிப் புறப்பட்டோம். நான் சூசைக்குப் பக்கத்தில் இருந்தேன். மணல் வந்தது. சூசை லீவரைத் தள்ளி முன்சில்லைச் சேர்த்தான். வண்டி நிற்காமல், திணறாமல், மணலைக் கடந்தது. ஆனால் முன் ரயர்கள் மணலை வாரி எறிந்துகொண்டே வந்தன. சூசை எட்டிப் பார்த்தான்.

"முன்னுக்கு அவசரப்படுது, பின்னுக்கு ஆறுதலா வருது. என்ன அண்ணை இது?"

"புதுப் பல்லு. சரிவரும்," என்றேன்.

மணல் முடியும் இடத்தில் அவன் நிற்கவில்லை. பாரத்தோடு மணலிலே நின்றால் சில்லு புதையும் என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியும். அவன் கேள்விப்பட்டதெல்லாம் ரயர் தேயும் என்பதுதான். தேய்ந்தால் பத்து யார் தேயட்டும் என்று கல்லுத் தரைக்கு ஏறி, அதன்பிறகு லீவரை இழுத்தான். லீவர் அசையவில்லை.

அந்த இடத்தில் பாதை இரண்டு பக்கமும் முருகைக்கல் அடுக்கிய வேலிகளுக்கு நடுவே போகிற ஒடுங்கிய ஒழுங்கை. தரையும் முருகைக்கல், சீமெந்து போல இறுகியது. வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுக்கிறதுபோல முனகியது. ஸ்டியரிங் இறுகியது. முன் ரயர் கிறீச்சிட்டு வெள்ளைக் கல்லிலே கறுத்தக் கோடு கீறியது. முப்பது யார் போனோம். வண்டி நின்றுவிட்டது.

தூரத்தில் குறிச்சிச் சனம் குடங்களோடு நிற்பது தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் மாடுகள். மாடுகள் ஜீப்பின் சத்தத்தைக் கேட்டுக் கத்தத் தொடங்கியிருந்தன.

"லீவர் வருகுதில்லை," என்றான் சூசை.

"மணல் போயிருக்கும்," என்றேன்.

இரண்டாவது பொய். முதல் பொய்யைவிட இது மோசம். முதல் பொய்யில் ஆபத்து எங்கோ தூரத்தில் இருந்தது. இப்போது அது எனக்குக் கீழே, ஒரு இரும்புப் பெட்டிக்குள் முறுகிக்கொண்டு இருந்தது. சூசை என் சொல்லை நம்பினான். மணல்தான் என்றால் உதறினால் போகும் அல்லவா? அவன் எஞ்சினை உறுமவிட்டு, கிளச்சை ஒரு வெட்டாக விட்டான். வண்டி ஒரு முழம் துள்ளியது. அடியிலிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம் வந்தது.

"இன்னொருக்காக் குடுப்பம், விட்டிரும்," என்று சூசை மறுபடி காலை வைத்தான்.

"நிப்பாட்டும்!" என்று கத்தினேன். "எஞ்சினை நிப்பாட்டும் சூசை. மணல் இல்லை. நான் பின் அச்சுக்கு மட்டும்தான் பல்லு மாத்தினனான்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எஞ்சினை நிற்பாட்டினான். ஞானம்மா அக்கா அதற்குள் ஒழுங்கையால் விரைந்து நடந்து வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஐந்தாறு பேர். எல்லோருக்கும் முன்னால் முதலிலிருந்து சொன்னேன். மற்றச் சோடி வரவில்லை என்பதை, பொறுக்கச் சொல்லிக் கடிதம் வந்ததை, ரயர் தேயும் என்று சும்மா சொன்னதை. சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கூட்டத்திலிருந்து ஒருவர், "பொடியன் எங்களை ஏமாத்திப்போட்டான்," என்றார். அக்கா கையை உயர்த்தி அவரை அடக்கினார்.

"எனக்குச் சொல்லியிருந்தாலும் நான் மாத்தச் சொல்லித்தான் இருப்பன்," என்றார் என்னிடம். "அது வேறை. ஆனால் சொல்லியிருக்க வேணும். இவன் காலுக்குக் கீழை என்ன கிடக்கு எண்டு தெரியாமல் ஓட்டியிருக்கிறான்." பிறகு, "சரி. இப்ப என்ன செய்யலாம்? அதைச் சொல்லும்," என்றார்.

அந்தக் கேள்வி எனக்குத் தலையிலே தண்ணீர் வார்த்ததுபோல இருந்தது. குற்றத்தைப் பற்றிய பேச்சு முடிந்து வேலையைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. வேலை எனக்குத் தெரியும்.

பின்சில்லுகளுக்குக் கல் அடைகொடுக்கச் சொன்னேன். எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னேன். ஒரு பெரியவர் உதவி செய்ய நினைத்து முன்சில்லிலே கையை வைத்தார். அவரை நான் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே பிடித்து விலக்கினேன். முன் அச்சின் ஒரு பக்கத்துக்கு ஜக் வைத்து உயர்த்தினேன். ரயர் கல்லை விட்டுக் கிளம்பிய அந்தக் கணத்தில் சில்லு, யாரும் தொடாமலே, 'விர்' என்று முன்னுக்குச் சுழன்று நின்றது. எஞ்சின் ஓடவில்லை. வண்டிக்குள் யாரும் இல்லை. கூட்டம் ஒரு அடி பின்னுக்குப் போனது.

"யேசுவே," என்றான் சூசை. "இவ்வளவும் உள்ளுக்குள்ளை நிண்டதோ?"

"ஓம். இப்ப லீவரைப் பிடியும்."

ஒரு விரலால் இழுத்தான். வந்துவிட்டது.

பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, முன் தண்டையும் பின் தண்டையும் சேர்க்கிற, முறுகல் ஏறிய பெட்டியின் அடி மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு பல்லின் ஓரம் சற்றுத் தெறித்திருந்தது. பல் உடையவில்லை. சூசை இரண்டாம் தரம் காலை வைத்திருந்தால் உடைந்திருக்கும். மூடியை மாட்டி எண்ணெயை விட்டேன். அன்றைய தண்ணீர் பின்சில்லால் மட்டும் குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. மாடுகள் தொட்டியில் முகம் வைத்தபோது அந்த இடம் முழுவதும் அமைதியாகிவிட்டது. எவ்வளவு நேரமாக அவை கத்திக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் நாளைக்கு மறுபடி மணல் இருக்கிறதே. சூசை ஒரு வழி சொன்னான்.

"இப்ப எனக்கு விசயம் விளங்கீட்டுது அண்ணை. மணலுக்கை நிண்டே லீவரை எடுக்கிறன். புதைஞ்சால் தள்ளுவம்."

அந்த யோசனை எனக்கும் பிடித்திருந்தது. ஏற்றுக்கொண்டால் என் கணக்கு முழுப்பிழை இல்லை என்றாகிவிடும். அதனால்தான் அதை இரண்டு தரம் யோசித்தேன். நாலாவது நாள், ஐந்தாவது நாள், களைப்பிலே ஒரு தரம் மறந்தால்? அக்காவிடம் திரும்பினேன்.

"உடைஞ்சால் அந்தப் பெட்டிக்குச் சாமான் தேட ஒரு மாதம் செல்லும் அக்கா. அதுவரைக்கும் வண்டி கிடக்கும். முன்சில்லு இல்லாமல் மணலைக் கடக்க ஏலுமெண்டால் அதுதான் நல்லது."

அக்கா யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. "இருநூறு யார்தானே. காவோலை போடுவம்."

நான் முன் அச்சுக்குப் போகும் தண்டைக் கழற்றி எடுத்து அக்காவின் கையிலே கொடுத்தேன். தண்டு இல்லாவிட்டால் லீவரை என்ன செய்தாலும் முன்சில்லு சேராது. என்னை நானே நம்பாததால் அப்படிச் செய்தேன். அவசரம் வரும்போது நல்ல மனிதர்கூட லீவரை இழுப்பார். அக்கா அதைக் குசினி மூலையில் விறகோடு விறகாக நிறுத்திவைத்தார்.

அன்று பின்னேரமே குறிச்சி முழுவதும் மணலில் நின்றது. ஆண்கள் பனையிலிருந்து விழுந்த காவோலைகளை இழுத்துவந்தார்கள். பெண்கள் மட்டை ஒரு பக்கம், ஓலை மறுபக்கம் என்று மாறிமாறி அடுக்கினார்கள். காலையில் என்னை ஏமாற்றுக்காரன் என்ற மனிதர் என் தலையிலும் ஒரு கட்டுக் காவோலையை ஏற்றிவிட்டார். அவருக்கு என்மேலிருந்த கோபம் அந்தக் கட்டோடு தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். பொழுதுபடமுன் ஆட்களையே பாரமாக ஏற்றிச் சூசை ஓட்டிப் பார்த்தான். ஓலை நொறுங்கியது, மட்டை தாங்கியது, புதுப் பல் இழுத்தது. பின்சில்லு இரண்டால் மட்டும் ஜீப் மணலைக் கடந்தது. சனம் கூவியது.

நான் அங்கேயே தங்கினேன். ஒவ்வொரு நாளும் அடியில் படுத்துப் பார்த்தேன். முதலாளிக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதி, வள்ளக்காரரிடம் கொடுத்துவிட்டேன். பதில் வரவில்லை. இரண்டு கிழமை கழித்து முதலாளியே வந்தார். மடியில் மற்றச் சோடி இருந்த மரப்பெட்டி. வள்ளத்திலிருந்து இறங்கி நேராக ஜீப்படிக்கு வந்தார். நான் எழும்பி நின்றேன். வேலையிலிருந்து நிற்பாட்டினால் என்ன செய்வது என்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தேன்.

"ஆருக்கெல்லாம் சொன்னனீர்?" என்றார்.

"எல்லாருக்கும் சொன்னனான்."

"ஓட்டுறவனுக்கு?"

"அவனுக்குத்தான் முதல்."

அவர் பெட்டியை என் கையில் தந்தார். "அப்ப நான் சொல்ல ஒண்டும் இல்லை. ஸ்பானரை எடும்."

முன் அச்சை ஒரு பூவரசுக்குக் கீழே திறந்தோம். சூசையையும் அக்காவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன். எதைக் கழற்றுகிறேன், எதைப் போடுகிறேன், அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்தேன். வேலை இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. முதலாளி ஒருதரமும் அவசரப்படுத்தவில்லை. அக்கா கேட்ட சில கேள்விகளுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. அவற்றுக்கு முதலாளி பதில் சொன்னார். அன்றைக்கு அவர் பத்து வசனத்தைத் தாண்டினார்.

அடுத்த மாரி வரும்வரைக்கும் அந்த ஜீப் தண்ணீர் காவியது. பிறகும் பல வருடம் ஓடியது.

தம்பிமாரே, உங்களிடம் ஒன்றுதான் கேட்பேன். வாகனத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, செய்ததைச் சொல்லுவதோடு செய்யாமல் விட்டதையும் சொல்லுங்கள். கட்டளையைச் சொன்னால் காரணத்தையும் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் எங்கே நிற்பது, எங்கே நிற்காமல் போவது என்று முடிவெடுக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள்.

இனி ஒரு சின்னச் சம்பவம். இரண்டு வருடம் கழித்துப் புங்குடுதீவிலிருந்து ஒரு வியாபாரி எங்கள் கராஜுக்கு வந்தார். பெரிய குடும்பத்து மனிதர். நாலு சில்லும் இழுக்கிற ஒரு பழைய லொறி வைத்திருந்தார். முதலாளி எழும்பிப் போய் வரவேற்றார். வந்தவர் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நெடுந்தீவிலை ஞானம்மா எண்டு ஒரு மனுசி சொன்னவ," என்றார். "தங்கடை வண்டியைப் பிழையாச் செய்துபோட்டு, றோட்டிலை நிண்டு எல்லாருக்கும் முன்னாலை ஒத்துக்கொண்ட ஒரு பொடியன் இஞ்சை இருக்கிறானாம். அவனிட்டைத்தான் குடுக்கச் சொன்னவ. ஆர் அவன்?"

கராஜிலிருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் காது சுட்டது.

"நான்தான் ஐயா," என்று சொல்லிக்கொண்டு, கையைத் துடைத்தபடி லொறிக்குப் போனேன்.